ஒரு நாள் சித்தாள்

இந்தப் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே நிறத்தில் பனியன் அணிந்த முப்பது பேர், நகரத்துக்கு வெளியே ஒரு பொட்டல் வெளியில் வரிசையாக நின்று மண் கற்களைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு, கன்னத்தில் அளவாகச் சேறு. பின்னணியில் இடுப்பு உயரம் எழும்பிய ஒரு சுவர். ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் கட்டும் பணியில் எங்கள் ஊழியர்கள் என்று கீழே ஒரு வாசகம். படத்தில் இல்லாத ஒருவரும் உண்டு. திங்கட்கிழமை காலையில் வந்து, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்து, முனகியபடியே மேல் இரண்டு வரிசையைப் பிரித்து மறுபடி கட்டும் கொத்தனார்.

கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த முப்பது பேரின் எண்ணத்தில் பழுது இல்லை. விடுமுறை நாளில் சினிமாவுக்குப் போகாமல் சேறு மிதிக்க வந்தவர்கள் அவர்கள். இந்தியாவில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பரம்பரையும் உண்டு. சிரமதானம் என்ற சொல் சர்வோதயக் காலத்திலிருந்து புழங்குகிறது. 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரி மாணவர்களின் பல தலைமுறைகளைக் கிராமங்களுக்கு அனுப்பி ரோடு போடவும் குளம் தூர் வாரவும் வைத்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று சொன்ன பிறகு இது அலுவலகங்களுக்கும் பரவியது. சட்டம் கேட்டது பணத்தை. நிறுவனங்கள் பணத்தோடு ஊழியர்களையும் ஒரு நாள் அனுப்பிவைக்கின்றன.

அப்படி வருகிறவர்களுக்கு அநாதை இல்லமும் மண் கட்டடமும் சேர்ந்த ஒரு திட்டம் கிடைத்துவிட்டால் அதைவிடப் பொருத்தமாக வேறொன்றும் அமையாது. குழந்தைகள், இயற்கை, பாரம்பரியம் மூன்றும் ஒரே இடத்தில். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தக் கைகளால் அந்த இல்லத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

முதலில், மண் கட்டடம் ஏன் தொண்டர்களை இழுக்கிறது என்று பார்க்கலாம். கான்கிரீட் வேலையில் கத்துக்குட்டிக்கு இடம் கிடையாது. கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் அடிப்பவர், மிக்சர் ஓட்டுபவர் எல்லோரும் தொழில் தெரிந்தவர்கள். தளம் போடும் நாளில் குறுக்கே யாராவது நின்றால் வசவுதான் கிடைக்கும். மண் வேலை அப்படியல்ல. மண்ணைச் சலிக்க வேண்டும். வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட வேண்டும். தண்ணீர் விட்டு ஊறவைத்துக் காலால் மிதிக்க வேண்டும். உருண்டை பிடித்துக் கைமாற்ற வேண்டும். அச்சில் அடித்துக் கல் அறுக்க வேண்டும். புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். சுவர் எழுப்புகிற ஒரு கொத்தனாருக்குப் பின்னால் பல ஜோடிக் கைகள் தேவைப்படுகின்றன. இதில் முக்கால்வாசி வேலையை அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம் என்று தோன்றும். அந்தத் தோற்றத்தில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

கையால் கட்டும் முறைக்கு நம் நாட்டில் பெரிதாக வாதாடியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர். 1940களில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்ததையும், ஒரு நல்ல வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அந்த இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்று அவர் சொன்னதையும் பேக்கர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். செங்கல்லை நெட்டுக்குத்தாக வைத்து நடுவில் காலியிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’ முறையை அவர் கேரளத்தில் பரப்பினார். அதில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகிறது. 1985இல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளாதார நிபுணர் கே.என். ராஜ் ஆகியோரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ‘காஸ்ட்ஃபோர்டு’ அமைப்பு இந்த முறைகளில் ஏராளமான வீடுகள் கட்டியது.

பேக்கரைச் சிக்கனத்தின் தூதர் என்று மட்டும் நினைப்பவர்கள் அவர் வாதத்தின் பாதியை விட்டுவிடுகிறார்கள். சிமென்டுக்கும் இரும்புக்கும் கொடுக்கும் பணம் ஊரைவிட்டு வெளியே போய்விடுகிறது. மண்ணுக்கும் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கூலியாக அந்த ஊரிலேயே தங்குகிறது. கல் அறுப்பவர், சூளைக்காரர், வண்டிக்காரர், கொத்தனார், சித்தாள் என்று அது பிரிந்து அடுப்பு எரிய உதவுகிறது. கையால் கட்டுவதன் பொருளாதாரம் இதுதான். பொருளில் மிச்சம் பிடித்து ஆளுக்குக் கொடுப்பது.

இப்போது அந்த முப்பது பேரை மறுபடி பார்க்கலாம். மண் கட்டடத்தால் ஊருக்குக் கிடைக்கும் முதல் லாபமே கூலி என்றால், கூலியில்லாமல் வேலை செய்ய வெளியூரிலிருந்து ஆளை இறக்குவது எந்தக் கணக்கில் சேரும்? அந்த ஊரில் சித்தாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. அவர்கள் வேலையை, ஒரு நாளும் அதைச் செய்திராதவர்கள் இலவசமாகவும் சுமாராகவும் செய்துவிட்டுப் போகிறார்கள். முப்பது பேருக்கான பஸ் வாடகை, பனியன், பேனர், பகல் சாப்பாடு, மினரல் வாட்டர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு உள்ளூரில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி கொடுத்திருக்கலாம் என்று வகுத்தும் பாருங்கள். விடை சங்கடமானதாக இருக்கும்.

கூலி ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. பாரம்பரிய முறை என்றாலே பாதுகாப்பானது என்ற நினைப்பை லாத்தூரில் அடக்கம் செய்தாகிவிட்டது. 1993 செப்டம்பர் 30, அதிகாலை நாலு மணிக்குச் சற்று முன்னால். முந்தின நாள்தான் விநாயகர் ஊர்வலம் முடிந்து மகாராஷ்டிரத்தின் கில்லாரி வட்டாரம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. பூமி குலுங்கியது ஒரு நிமிஷம்கூட இல்லை. செத்தவர்கள் எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடையில். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் அவர்கள் வீடுதான். உருண்டைக் கற்களை மண் சாந்தில் அடுக்கிய கனத்த சுவர்கள். உள்முகத்தையும் வெளிமுகத்தையும் சேர்த்துக் கோத்துப் பிடிக்க வேண்டிய நீளக் கற்கள் அந்தச் சுவர்களில் இல்லை. கூரை மேல் வெயிலுக்காகவும் மழைக்காகவும் வருஷா வருஷம் கொட்டிய மண் பாரம் வேறு. ஒரே குலுக்கலில் சுவர் இரண்டாகப் பிளந்தது, கூரை இறங்கியது. அத்தனையும் உள்ளூர்ப் பொருள், அத்தனையும் கைவேலை. எங்கோ சில தலைமுறைகளில் கைமாறும்போது அந்த நீளக் கல்லின் ஞாபகம் மட்டும் விடுபட்டுப்போயிருந்தது.

எட்டு வருஷம் கழித்துக் கட்ச் வேறொரு பாடம் சொன்னது. 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை. பூஜ் நகரமும் அஞ்சார், பச்சாவ் ஊர்களும் தரைமட்டமாகின. அகமதாபாத்தில் கான்கிரீட் அடுக்குமாடிகளே சரிந்தன. ஆனால் பன்னிப் புல்வெளிப் பகுதியில் ‘பூங்கா’ என்று அழைக்கப்படும் வட்ட வடிவ மண் வீடுகள் பெரும்பாலும் நின்றன. காரணம் மாயம் அல்ல. வட்டச் சுவருக்கு மூலை கிடையாது, எந்தப் பக்கம் தள்ளினாலும் அது தன்னையே தாங்கிக்கொள்கிறது. ஜன்னல்கள் சின்னவை. மேலே கூம்பு வடிவத்தில் லேசான புல் கூரை. அந்த வீட்டின் மண் பூச்சையும் கண்ணாடி பதித்த அலங்காரத்தையும் வீட்டுப் பெண்கள் கையாலேயே செய்து, கையாலேயே புதுப்பித்துவந்தார்கள். அதாவது தினமும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கிற ஆள் உள்ளேயே இருந்தார். விரிசல் விழுந்தால் அன்றைக்கே தெரியும்.

அப்படியானால் லாத்தூரும் மண், கட்ச்சும் மண். வித்தியாசம் அறிவில். இந்திய தர நிர்ணய அமைப்பு அதே 1993இல் மண் கட்டடங்களுக்கும் வலுக் குறைந்த கல், செங்கல் கட்டடங்களுக்கும் நிலநடுக்கப் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. மண் சுவரின் உயரம் அதன் கனத்தைப் போல் எட்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. கதவு, ஜன்னல் திறப்பு 1.2 மீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது என்பன போன்ற எளிய, ஆனால் உயிர் காக்கும் விதிகள். பூகம்பத்துக்குப் பின் பூஜில் உருவான ‘ஹுன்னர்ஷாலா’ போன்ற அமைப்புகள் செய்த முக்கியமான வேலை வீடு கட்டியது மட்டுமல்ல. ஊர்க் கைவினைஞர்களின் திறமையையும் பொறியாளர்களின் கணக்கையும் ஒரே மேஜையில் உட்காரவைத்ததுதான். அவர்கள் பழைய முறையைக் கும்பிடவில்லை. அதைச் சோதித்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

ஐம்பது குழந்தைகள் தூங்கப்போகும் அறையின் சுவரை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சொந்த வீட்டில் ஒரு வரிசை கோணலாகப் போனால் அது நம் தலைவிதி. அநாதை இல்லத்தில் கோணலாகக் கட்டிவிட்டு நாம் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பிவிடுகிறோம். அதன் கீழே படுக்கப்போகிறவன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவனும் அல்ல, அதைவிட்டுப் போகக்கூடியவனும் அல்ல. சுவர் கொத்தனாருடையது. அதில் சமரசம் இல்லை.

அப்படியென்றால் தொண்டர்களே வேண்டாமா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பூகம்பம் புரட்டிப்போட்டது. சிறையில் நோயாளியாக இருந்த ராஜேந்திர பிரசாத் இரண்டு நாளில் விடுதலையாகி நிவாரணப் பணியின் தலைமையை ஏற்றார். அந்தச் செய்தி கேட்டு ஸ்விட்சர்லாந்திலிருந்து ஒருவர் கிளம்பி வந்தார். பெயர் பியர் செரசோல். பொறியியல் படித்தவர், அவர் தந்தை அந்த நாட்டின் ஜனாதிபதியாகவே இருந்தவர். முதல் உலகப் போர் முடிந்ததும் 1920இல், பிரான்சில் வெர்டன் அருகே நாசமான ஒரு கிராமத்தைச் சீரமைக்கப் பல நாட்டவரைக் கூட்டிச் சென்றவர். சண்டை போட்ட நாடுகளின் இளைஞர்கள் ஒரே மண்வெட்டியைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சர்வதேசத் தொண்டர் இயக்கம் என்று இன்று நாம் பார்ப்பதற்கு விதை அங்கே விழுந்தது. பீகாரின் முசாபர்பூர் பகுதியில் வெள்ள அபாயமுள்ள கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டும் வேலையில் அவரும் சில சகாக்களும் இறங்கினார்கள். அவர் ஒரு முறை வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர் அல்ல. திரும்பத் திரும்ப வந்து, மாதக்கணக்கில் தங்கி, 1937 வரை அந்த வேலையோடு தொடர்பில் இருந்தார். வெள்ளைக்காரன் என்றால் குதிரை மேல் இருப்பவன் என்று பழகிய ஜனங்கள், தங்களோடு சேற்றில் நிற்கும் ஒரு வெள்ளைக்காரனை அப்போதுதான் பார்த்தார்கள்.

இரண்டாவது உதாரணம் இன்னும் கூர்மையானது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் வரோரா ஊருக்கு வெளியே 1949இல் பாபா ஆம்தே ‘ஆனந்தவன’த்தை ஆரம்பித்தார். கரடும் பாறையுமான நிலம், சில தொழுநோயாளிகள், கையில் சில்லறை. கிணறு வெட்டியதும் குடிசை போட்டதும் நிலத்தைத் திருத்தியதும் விரல்கள் மழுங்கிய அந்த மனிதர்களே. விளைச்சல் வந்தது. வாங்கத்தான் ஆளில்லை. தொழுநோயாளி பறித்த காய்கறியை ஊர்க்காரர்கள் தொட மறுத்தார்கள். 1950களில் செரசோல் தொடங்கிய அதே இயக்கத்தைச் சேர்ந்த வெளிநாட்டு இளைஞர்கள் அங்கே வந்து முகாமிட்டார்கள். நோயாளிகளுடன் சேர்ந்து கட்டடம் எழுப்பினார்கள். அங்கே விளைந்ததையே சமைத்துச் சாப்பிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த வரோரா வாசிகள் அதைப் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்து அவர்கள் பயம் விட்டது. ஆனந்தவனத்துக் காய்கறிக்கும் பாலுக்கும் சந்தையில் இடம் கிடைத்தது.

இந்த இரண்டு கதைகளிலும் தொண்டர்கள் கொடுத்தது உழைப்பு என்று சொன்னால் தவறு. ஆனந்தவனத்து மனிதர்களுக்கு உழைக்கத் தெரியும், அந்த இளைஞர்களைவிட நன்றாகவே தெரியும். வெளியிலிருந்து வந்தவர்களால் மட்டுமே கொடுக்க முடிந்தது வேறொன்று. ஊரும் உலகமும் ஒதுக்கிவைத்திருந்த ஓர் இடத்துக்குள் நுழைந்து, அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு, வேலி தேவையில்லை என்று காட்டியது. எந்த மேஸ்திரியாலும் கட்ட முடியாத, எந்தக் கூலிக்கும் கிடைக்காத ஒன்று அது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. காலம். ஒரு சனிக்கிழமையில் அது நடக்காது.

அநாதை இல்லத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. அங்கே இருப்பவர்கள் குழந்தைகள். டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் நம்மவர்கள் பலர் பிறந்த நாளுக்கும் திதிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு இல்லத்துக்குப் போகிறார்கள். குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு வாழ்த்துப் பாடிவிட்டு, அதன் பிறகு பாயசம் சாப்பிடுகிறார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால், தன்னைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு மறுநாள் காணாமல்போகும் மாமாக்களும் அத்தைகளும் வருஷம் முழுவதும் வந்துகொண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு முறை கைவிடப்பட்ட குழந்தைக்கு இது சின்ன விஷயம் அல்ல. கட்டட முகாம் என்று வரும்போது கொஞ்சல் ஒரு வாரத்துக்கு நீள்கிறது, பிரிவும் அதற்கேற்பக் கூடுகிறது. சேறு பூசிய கையோடு குழந்தைகளை அணைத்து எடுத்துக்கொள்ளும் படங்கள் வேறு. ஆதரவு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவில் சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைத் தெரிந்துகொண்டு காமிராவை எடுப்பவர்கள் எத்தனை பேர்?

அதே சட்டம் இன்னொரு அடிப்படை விஷயத்தையும் சொல்கிறது. குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். நாம் அநாதை என்று அழைக்கும் குழந்தைகளில் ஏராளமானவர்களுக்குத் தாயோ தந்தையோ உறவினரோ உண்டு. அவர்களை இல்லத்துக்கு அனுப்பியது வறுமையும் பள்ளிக்கூடத்தின் தூரமும். 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எட்டு மாநிலங்களுக்கு எழுதியது. நாட்டின் காப்பகங்களில் இருந்த சுமார் 2.56 லட்சம் குழந்தைகளில் 1.84 லட்சம் பேர் அந்த எட்டு மாநிலங்களில். தமிழ்நாடும் அதில் ஒன்று. இயன்றவரை அவர்களைக் குடும்பத்திடம் சேருங்கள் என்றது ஆணையம். அவசரமாக அனுப்புவது சரியா என்று விவாதம் எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் எண்ணிக்கை ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது. குழந்தை குடும்பத்திலேயே வளர உதவுவதற்காக மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ 2022 நெறிமுறைகளில் குறிப்பிட்ட உதவித்தொகை மாதம் 4,000 ரூபாய். புதிதாக ஓர் இல்லத்துக்கு அஸ்திவாரம் தோண்டுமுன் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். இந்தச் சுவர்களின் செலவில் எத்தனை குழந்தைகள் தங்கள் பாட்டி வீட்டிலேயே இருந்திருக்கலாம்?

எல்லாம் பார்த்த பிறகும் போக இடமில்லாத குழந்தைகள் இருக்கவே செய்வார்கள். அவர்களுக்கு இல்லம் வேண்டும். எப்படிப்பட்ட இல்லம்? 1960 மே மாதம் 51 திபெத்தியக் குழந்தைகள் தரம்சாலாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பெற்றோர் இமயமலையில் ரோடு போடும் கூலிகள், பலர் இறந்தும்போனார்கள். அங்கே உருவான திபெத்தியக் குழந்தைகள் கிராமம், காலப்போக்கில் பெரிய விடுதி என்ற யோசனையைக் கைவிட்டது. சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வளர்ப்புத் தாய், வெவ்வேறு வயதுக் குழந்தைகள், ஒரு சமையலறை என்ற அமைப்புக்கு மாறியது. நம் மாதிரி விதிகள் 25 குழந்தைகளுக்கு ஒரு படுக்கையறை, தலைக்கு 40 சதுர அடி என்று குறைந்தபட்ச அளவு சொல்கின்றன. குறைந்தபட்சம் என்பது லட்சியம் ஆகாது.

கைவேலைக் கட்டடத்தின் பொருத்தம் இங்கேதான் வெளிப்படுகிறது. மண் சுவர் இயல்பாகவே அடக்கமானது. மூன்று மாடி ஏறாது. நூறு கட்டில் போடும் ஹால் தராது. குறைந்த அகலம், ஒரு தளம், சின்ன ஜன்னல், தாழ்வாரம். அதாவது வீடு. அநாதை இல்லம் வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று குழந்தைகள் நலத் துறையினர் வற்புறுத்துவதை மண் தன் பலவீனத்தாலேயே சாதித்துவிடுகிறது. பாரம்பரிய முறையில் கட்டுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. சிமென்ட் மிச்சமாவது அதற்குப் பிறகுதான்.

ஆகவே போக விரும்புகிறவர்கள் போகட்டும், சில கேள்விகளைக் கேட்டுவிட்டு. இந்த இல்லம் சட்டப்படி பதிவானதா? சட்டத்தின் 41ஆவது பிரிவு பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தலைமைக் கொத்தனார் யார், அவர் இதற்கு முன் மண்ணில் என்ன கட்டியிருக்கிறார், பொறியாளர் கணக்குப் பார்த்தாரா? நாங்கள் வருவதால் உள்ளூரில் யாருடைய கூலியாவது குறைகிறதா? கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் இப்படி இருக்கலாம். குறையாது, நீங்கள் வரும் நாளிலும் அவர்களுக்குக் கூலி உண்டு, அன்றைக்கு அவர்கள் உங்களுக்கு வேலை சொல்லித் தருவார்கள். சித்தாள் ஒரு நாள் ஆசிரியராவதும், கம்ப்யூட்டர் முன் உட்காருபவர் அவரிடம் திட்டு வாங்குவதும் ஆனந்தவனத்தில் நடந்ததற்குப் பக்கத்தில் வருகிற விஷயம்.

இன்னொரு பாடம் லடாக்கிலிருந்து வருகிறது. லே நகருக்கு அருகே ஃபே கிராமத்தில் ‘செக்மோல்’ என்ற மாற்றுக் கல்வி அமைப்பின் வளாகம், இடித்துக் கெட்டித்த மண் சுவர்களால் 1990களில் எழுந்தது. தெற்கு வெயிலை உள்ளே வாங்கித் தடித்த சுவரில் தேக்கிவைப்பதால், வெளியே எல்லாம் உறைந்திருக்கும் மாதங்களிலும் உள்ளே அடுப்பு மூட்டாமல் இருக்க முடிந்தது. 2016இல் மண் கட்டடங்களுக்கான சர்வதேசப் பரிசு ஒன்றும் அதன் பிரதான கட்டடத்துக்குக் கிடைத்தது. அங்கே தொண்டர்கள் வந்து கைகொடுத்தார்கள். ஆனால் கட்டியதிலும் பராமரித்ததிலும் அங்கேயே வாழ்ந்து படித்த மாணவர்களின் கை இருந்தது. பள்ளித் தேர்வில் தோற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட இளைஞர்கள் அவர்கள். வீட்டைப் பழுதுபார்க்கத் தெரிந்தவன் அந்த வீட்டில் விருந்தாளி அல்ல.

இதை அப்படியே அநாதை இல்லத்தில் செய்துவிட முடியாது. குழந்தையைக் கல் சுமக்க வைப்பது குற்றம், அது குற்றமாகவே இருக்கட்டும். ஆனால் 18 வயது முடிந்தவர்களைப் பற்றி யோசிக்கலாம். அன்றோடு இல்லத்தின் கதவு சாத்தப்படுகிறது. போகிறவருக்குப் பொருளுதவி செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அந்த உதவி எத்தனை பேரைச் சென்று சேர்கிறது என்பது வேறு கதை. அந்த இல்லத்தையே மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்டிய மேஸ்திரியிடம், விரும்புகிற ஓர் இளைஞனோ பெண்ணோ உரிய வயதில் சம்பளத்தோடு தொழில் பழகினால்? சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகளுக்கு இன்று பஞ்சம். பழைய கோயில்களையும் அரண்மனைகளையும் பழுதுபார்க்க ஆள் தேடி அலைகிறார்கள். கம்பெனிகளின் பணம் பனியனுக்குப் போவதைவிட இதற்குப் போகலாம்.

மிச்சமிருப்பது பூச்சு. மண் சுவரை ஒரு முறை கட்டிவிட்டு மறந்துவிட முடியாது. மழையின் சாரல் அடித்த பக்கம் கரையும், மூலை தேயும், எலி துளை போடும். பொங்கலுக்கு முன் நாம் வெள்ளையடிக்கும் மாதிரி, வருஷத்துக்கு ஒரு தரம் மண்ணும் சாணமும் குழைத்துப் பூச வேண்டும். பூச்சு வேலை ஆபத்தில்லாதது, அரை நாளில் கற்கக்கூடியது, யாருடைய உயிரும் அதை நம்பி இல்லை. தொண்டர்களுக்கு என்றே அமைந்த வேலை. ஆனால் திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் கூட்டம் மூன்றாம் வருஷப் பூச்சுக்குக் கிடைப்பதில்லை. பல நல்ல மண் கட்டடங்கள் வீணாவது இந்த இடத்தில்தான், குழந்தைகளின் நம்பிக்கை தேய்வதும் இதே இடத்தில்தான்.

எனவே வருகிறவர்கள் சுவரைக் கொத்தனாரிடம் விட்டுவிட்டுப் பூச்சைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன் ஒரு வாரம், அதே ஆட்கள், அதே வீடு. போகும்போது அடுத்த வருஷத் தேதியைச் சமையல்கார அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். சுவர் நிற்கும். உள்ளே இருக்கிற குழந்தைக்கும் அவர்கள் பெயர் ஞாபகம் இருக்கும்.